சின்னப் பட்டறைக்குத் தொழிலகப் பாதுகாப்புச் சட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கோவையில் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ கணபதி பகுதியிலோ ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், தகடு அடிக்கும் ஒரு பவர் பிரஸ், மூலையில் ஒரு கம்ப்ரஸர் என்று தொழில் தொடங்குபவர்கள் ஜிஎஸ்டி, உத்யம் பதிவு, கரண்ட் கனெக்‌ஷன், வங்கிக் கடன் எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிடுகிறார்கள். தொழிலாளர் பாதுகாப்பு என்று வந்தால் மட்டும் “அது பெரிய கம்பெனிக்குத்தானே” என்று தள்ளிப் போடுகிறார்கள். பிறகு ஜாப் வொர்க் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது என்றதும் அவசர அவசரமாக ஒரு கன்சல்டன்ட்டைப் பிடித்து நான்கு ஃபைல் தயார் செய்கிறார்கள். ஃபைலில் எல்லாம் இருக்கும். பிரஸ்ஸில் கார்டு, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடி, இருக்காது.

நான் சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் சட்டம் உங்களை எங்கே தொடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து மெஷின், அதற்கப்புறம் ஆட்கள், கடைசியில் காகிதம். மெஷினைச் சரிசெய்துவிட்டால் எழுத வேண்டிய காகிதத்தில் பாதி தானாகவே உண்மையாகிவிடும். எழுதியது உண்மையாக இருந்தால் ஆய்வாளர் வரும் நாளில் வியர்க்காது.

எந்தச் சட்டம், எத்தனை பேர்?

இந்த விஷயத்தில் நெடுங்காலம் ஆட்சி செய்தது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். மின்சக்தி உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்பது அதன் கணக்கு. போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, 1987-இல் அதைத் திருத்தி, முதலாளியின் பொதுக் கடமைகளையும் அபாயகரமான தொழில்களுக்கான தனி அத்தியாயத்தையும் சேர்த்தார்கள். இப்போது அதன் இடத்துக்குப் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

புதிய சட்டத்தில் ‘தொழிற்சாலை’ என்பதற்கான எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டது. மின்சக்தி இருந்தால் 20, இல்லாவிட்டால் 40. இதைக் கேட்டதும் “என்னிடம் 14 பேர்தான், தப்பித்தேன்” என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 10 பேர் இருந்தாலே அது ‘நிறுவனம்’. சட்டம் பொருந்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பாதுகாப்பான இடம் தருவது, நியமனக் கடிதம் கொடுப்பது, விபத்தைத் தெரிவிப்பது போன்ற முதலாளியின் கடமைகள் எல்லாம் 14 பேர் பட்டறைக்கும் உண்டு.

எண்ணுவதில் சறுக்குவது எளிது. எல்லா ஷிஃப்டும் சேர்த்துத்தான் கணக்கு. பகலில் 12, இரவில் 10 என்றால் நீங்கள் 22. லேபர் சப்ளையில் வந்தவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். கடந்த 12 மாதத்தில் ஏதோ ஒரு நாள் அந்த எண்ணிக்கையைத் தொட்டிருந்தாலும் போதும், தீபாவளிக்கு முன்பு அவசர ஆர்டருக்காக ஆள் கூட்டிய அந்த ஒரு வாரமும் கணக்கில் வரும்.

தமிழ்நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில். மாவட்டங்களில் இணை இயக்குநர், துணை இயக்குநர் அலுவலகங்கள் இருக்கின்றன. 1950-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழிற்சாலைகள் விதிகள்தான் இதுவரை அன்றாட நடைமுறையைத் தீர்மானித்தவை. புதிய சட்டத்தோடு முரண்படாத பழைய விதிகள் இந்த இடைக்காலத்திலும் தொடரும் என்பதே ஏற்பாடு. ஆகவே கீழே நான் தரும் கால அளவுகள் பலவும் பழைய சட்டத்தையும் விதிகளையும் ஒட்டியவை. விண்ணப்பம் போடும் முன்பு, இன்றைக்கு எந்தப் படிவம் என்று உங்கள் மாவட்ட அலுவலகத்திலேயே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்பட வேண்டாம். கேட்காமல் இருந்து மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

பட்டறை இல்லை, ஜவுளிக்கடைதான் என்றால் உங்களுக்குக் கடைகள், நிறுவனங்கள் சட்டம். அதில் 2021-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தப்படி ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும். நாள் முழுக்க நின்றே புடவை எடுத்துப் போட்ட கால்களுக்கு அதுவும் பாதுகாப்புச் சட்டம்தான். அந்தப் பக்கம் இங்கே போகவில்லை.

உரிமத்தில் யார் பெயர்?

தொழிற்சாலை உரிமத்தில் இரண்டு பெயர் இருக்கும். ஒருவர் மேனேஜர், இன்னொருவர் ஆக்குபையர், அதாவது இடத்தின் மீது முழு அதிகாரம் உள்ளவர். சில முதலாளிகள் சூப்பர்வைசர் ஒருவரை ஆக்குபையராகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கப் பார்க்கிறார்கள். அது செல்லாது. கூட்டு வணிகமாக இருந்தால் பங்குதாரர்களில் ஒருவர், கம்பெனியாக இருந்தால் டைரக்டர்களில் ஒருவர்தான் ஆக்குபையர். டைரக்டர் அல்லாத ஓர் அதிகாரியை அந்த இடத்தில் வைக்க முடியாது என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் தண்டனை. கடமையை மீறியதால் உயிர் போனால், புதிய சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பலத்த காயம் என்றால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 2 முதல் 4 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். கன்சல்டன்ட் உங்களுக்காக ஃபைல் போடுவார், உங்களுக்காக கோர்ட்டில் நிற்க மாட்டார்.

ஷெட் வாடகைக்கு எடுப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு கட்டட வரைபட அனுமதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோடவுன் என்று அனுமதி வாங்கிய இடத்தில் பிரஸ் ஓட்ட உரிமம் கேட்டால் சிக்கல். கட்டட உறுதிச் சான்றிதழ், உள்ளாட்சி உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை, தீயணைப்புத் துறை உரிமம் இவையெல்லாம் தனித்தனி அலுவலகங்கள். ஒன்று இருக்கிறது என்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு சுற்று

இனிதான் உண்மையான வேலை. ஒரு சாதாரண நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறையை ஒரு சுற்று சுற்றுங்கள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது சுற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தி வைத்த மெஷினைப் பார்த்தால் எதுவும் தெரியாது. கூடவே இரண்டு பேரை அழைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இருப்பவர்களிலேயே பழைய ஆபரேட்டர், மற்றவர் போன மாதம் சேர்ந்த பையன். பழையவருக்கு எங்கே கை போகும் என்று தெரியும். புதியவன் எங்கே பயப்படுகிறான் என்று முகத்திலேயே தெரியும்.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இதில் யார் வேலை செய்கிறார், எப்படி அடிபடலாம், இப்போது என்ன தடுப்பு இருக்கிறது, இன்னும் என்ன செய்ய வேண்டும், யார் எந்தத் தேதிக்குள் செய்வார். அவ்வளவுதான். இதையே ‘ரிஸ்க் அசெஸ்மென்ட்’ என்று அழகான கட்டம் போட்டு ஆடிட்டில் கேட்கிறார்கள். கட்டம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

பவர் பிரஸ்ஸிலிருந்து தொடங்குங்கள். விரல் போவது பெரும்பாலும் இங்கேதான். நம் பட்டறைகளில் ஓடும் பழைய சி-ஃபிரேம் பிரஸ்களில் பல, கீ கிளட்ச் வகை. பெடலை மிதித்து ஒருமுறை கிளட்ச் பிடித்துவிட்டால் ஸ்ட்ரோக் முழுதாக முடிந்துதான் நிற்கும், நடுவில் நிறுத்தவே முடியாது. இது தெரியாமல் பலர் காசு செலவழித்து அந்த பிரஸ்ஸில் சென்சார் லைட் கர்ட்டன் மாட்டுகிறார்கள். கை குறுக்கே வந்ததை சென்சார் பார்க்கும், ஆனால் நிறுத்த பிரஸ்ஸால் முடியாது. நியூமேட்டிக் கிளட்ச் உள்ள பிரஸ்ஸுக்குத்தான் லைட் கர்ட்டன் பொருந்தும். கீ கிளட்ச்சுக்குச் சரியான வழி, டையை (தகட்டை வெட்டும், வளைக்கும் அச்சு) சுற்றி நிலையான கார்டு. தகடு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு, விரல் நுழையாதபடி அடைத்துவிட வேண்டும். சிறிய பாகங்களை உள்ளே வைக்கவும் எடுக்கவும் காந்தக் கோலோ இடுக்கியோ கொடுங்கள். கால் பெடலுக்கு மேலே ஒரு மூடி வெல்டிங் வையுங்கள். மேலிருந்து ஒரு பாகம் பெடலில் விழுந்து பிரஸ் அடிப்பதைத் தடுக்கும். டை மாற்றும்போது மோட்டார் நின்று, ஃபிளைவீலும் சுற்றி ஓய்ந்து, ராமுக்கு (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) அடியில் முட்டுக்கட்டை வைத்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.

இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் அடிக்கும் பிரஸ் வைத்திருப்பவர்கள் பட்டனைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு பட்டனில் ஐஸ்கிரீம் குச்சியோ மடித்த அட்டையோ சொருகி நிரந்தரமாக அழுத்தி வைத்திருப்பார்கள். ஆபரேட்டரைத் திட்டுவதற்கு முன்பு அவருக்குச் சம்பளம் எப்படி என்று யோசியுங்கள். பீஸ் ரேட் என்றால், மணிக்கு இத்தனை அடித்தால்தான் வீட்டுக்குப் பணம் என்று நீங்களே அந்தக் குச்சியைக் கையில் கொடுத்ததாகத்தான் அர்த்தம். பிரஸ் வேலைக்காவது பீஸ் ரேட்டை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. சட்டம் அதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அடுத்து பெஞ்ச் கிரைண்டர். எல்லாப் பட்டறையிலும் இருக்கும், யாருடைய பொறுப்பும் இல்லாத மெஷின். கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. புதிய கல்லை மாட்டும் முன்பு விரலில் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். ‘டிங்’ என்று மணி போல் ஒலித்தால் நல்ல கல். ‘டொக்’ என்று அமுங்கினால் உள்ளே விரிசல், அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். பாகத்தைத் தாங்கும் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. கல் தேயத் தேய ரெஸ்ட்டை நகர்த்த வேண்டும். யாரும் நகர்த்துவதில்லை. அந்த இடைவெளியில் பாகம் சிக்கினால் கல் வெடிக்கும். கல்லின் பக்கவாட்டில் தேய்ப்பதும் அதே மாதிரி ஆபத்து. கண் கண்ணாடியைக் கிரைண்டர் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வையுங்கள். ஆபீஸ் பீரோவில் பூட்டி வைத்த கண்ணாடியை யாரும் கேட்டு வாங்க வர மாட்டார்கள்.

லேத், டிரில்லிங் மெஷினில் கையுறை கூடாது. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், ஆனால் சுழலும் பாகம் கையுறையின் நுனியைப் பிடித்தால் கையையே சேர்த்துச் சுற்றிவிடும். தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் செயின், ஐடி கார்டு கயிறு, கோயிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிறு எல்லாமே அதே கதைதான். சுருள் பிசிரை இழுக்கக் கொக்கி கொடுங்கள், கையால் இழுக்கக் கூடாது. லேத்தில் பாகத்தைப் பிடித்திருக்கும் சக்கை இறுக்கும் சாவியை சக்கிலேயே விட்டு ஸ்விட்சைப் போட்டால் அது பறந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

கார்த்திகை மாதம் பிறந்தால் இங்கே ஒரு தனிச் சிக்கல். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கழுத்தில் மாலையோடும் வெறுங்காலோடும் வருவார்கள். மாலையைக் கழற்று, ஷூவைப் போடு என்று சொன்னால் பிரச்சினை, சொல்லாவிட்டால் ஆபத்து. விரதம் முடியும்வரை அவர்களை அளவு பார்க்கும் வேலைக்கு, பேக்கிங்குக்கு, ஆபீஸ் பக்கம் மாற்றிவிடுங்கள். யார் யார் மாலை போடுவார்கள் என்று ஐப்பசியிலேயே கேட்டு வைத்துக்கொண்டால் ஷிஃப்ட் போடுவது சுலபம்.

மின்சாரப் பக்கம்: பேனல் போர்டுக்கு முன்னால் ஒரு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் அங்கேதான் சரக்குப் பெட்டி அடுக்கியிருக்கும். கை மெஷின்கள் ஓடும் லைன்களில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போடுங்கள், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிளக் இல்லாமல் வயரை நேராக சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைக்கும் பழக்கத்தை அன்றைக்கே நிறுத்துங்கள். பழுது பார்ப்பவர் மெயினை நிறுத்தி, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். “வேலை நடக்கிறது” என்று போர்டு மாட்டினால் போதாது. படிக்காமல் ஆன் செய்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார்.

இன்னொன்று, ஆயுத பூஜை. அதற்கு முந்தின இரண்டு நாள் கார்டுகளையெல்லாம் கழற்றி, மெஷினைத் துடைத்து, பெயிண்ட் அடித்து, பொட்டு வைக்கிறார்கள். பூஜை முடிந்து வேலை தொடங்கும்போது பாதி கார்டுகள் சுவர் ஓரம் சாய்ந்தே கிடக்கும். பூஜைக்கு மறுநாள் காலை முதல் மெஷின் ஓடுவதற்கு முன்பு, எல்லா கார்டும் ஏறிவிட்டதா என்று நீங்களே ஒரு சுற்று வாருங்கள்.

குறைகளை எழுதியதும் தீர்வு தேடும்போது, ஷூ, கண்ணாடி, ஹெல்மெட் வாங்குவதில் தொடங்காதீர்கள். அந்த ஆபத்தான வேலையை இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் வேறு பொருள், வேறு முறை. அதுவும் இல்லாவிட்டால் கார்டு, புகை உறிஞ்சி. அப்புறம் பயிற்சி, எச்சரிக்கை. உடம்பில் மாட்டுவது கடைசி. அதை மாட்டினாலும் ஆபத்து அங்கேயேதான் இருக்கும்.

கழிவுத் தொட்டி, செப்டிக் டேங்க் இருந்தால் அதற்கு ஒரே விதி: உங்கள் ஆட்கள் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் அங்கேயே விழுவதுதான் இந்த விபத்துகளின் வழக்கமான கதை. இயந்திரத்தோடு வரும் லாரியைக் கூப்பிடுங்கள்.

சான்றிதழும் தேதியும்

சில சாதனங்களுக்கு உங்கள் கண்பார்வை போதாது. அரசு அங்கீகரித்த தகுதியான நபர் வந்து சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். சரக்கு லிஃப்ட், ஹாய்ஸ்ட் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கிரேன், செயின் பிளாக், தூக்கும் சங்கிலி, வயர் ரோப் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை. எவ்வளவு எடை தூக்கலாம் என்பதை அவற்றின் மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

கம்ப்ரஸரின் காற்றுத் தொட்டியும் அழுத்தக் கலன்தான் என்பது சின்னப் பட்டறைகள் பலவற்றுக்குத் தெரிவதில்லை. அதற்கு வெளிப்புறச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உட்புறச் சோதனை வருடத்துக்கு ஒருமுறை. தினமும் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், இல்லாவிட்டால் தொட்டி உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். அந்தக் காற்றால் சட்டையைத் தட்டிக்கொள்வதையும் விளையாட்டுக்கு ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுவதையும் கண்டிப்பாகத் தடுங்கள். அழுத்தக் காற்று உடம்புக்குள் புகுந்தால் குடலைக் கிழித்துவிடும்.

சோதிக்க வருபவரிடம் அவருடைய தகுதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த வகைச் சாதனத்துக்கு, எந்தத் தேதி வரை என்று அதிலேயே இருக்கும். சாதனத்தைப் பார்க்காமலே சான்றிதழ் அனுப்புகிறேன் என்று சொல்பவரை அடுத்த தடவை கூப்பிடாதீர்கள், இந்தத் தடவையும் வேண்டாம்.

தண்ணீர், கழிப்பறை, வாசல்

இது சுருக்கமாக முடிந்துவிடும். குடிதண்ணீர் வைக்கும் இடம் கழிப்பறை, கைகழுவும் இடம், சாக்கடை ஆகியவற்றிலிருந்து 6 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் 14 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். 150 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டி. உங்களுக்கு ஒன்று போதும், ஆனால் அதற்குள் காலாவதியான டிஞ்சரும் காலி பஞ்சு உறையும் மட்டும் இருக்கக் கூடாது. முதலுதவி கற்ற ஒருவர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும்.

வேலை நேரத்தில் எந்த வெளிவாசலையும் பூட்டக் கூடாது. திருட்டுக்குப் பயந்து பின்வாசலுக்கு வெளியிலிருந்து பூட்டுப் போடுகிறார்கள். தீ பிடித்தால் சாவி தேட நேரம் இருக்காது. பேனல் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு அல்லது பவுடர் தீயணைப்பான் வையுங்கள், தண்ணீர் வகை அங்கே கூடாது. பவுடர் வகையில் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ரீஃபில் செய்யக் கொடுக்கும் முன்பு, ஆட்களை விட்டே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படியும் காலி செய்யத்தானே போகிறார்கள்.

ஆட்கள்

எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுங்கள், புதிய சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விதிகள் சொல்லும் வகையினருக்கு வருடாந்திர மருத்துவப் பரிசோதனை உங்கள் செலவில். பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஷூவுக்கு மாதம் நூறு ரூபாய் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் இருந்தால் இந்த மாதமே நிறுத்துங்கள். பெண்களை இரவு 7 மணிக்கு மேல், காலை 6 மணிக்கு முன்பு வேலைக்கு வைப்பதென்றால் அவர்களுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் இருக்க வேண்டும்.

சுவரில் எச்சரிக்கைகள் எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பிரஸ்ஸில் நிற்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர். வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் அறிவிப்பு இருக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலேயே இருக்கிறது. எழுத்தைவிடப் படம் நல்லது, படத்தைவிட அதே ஊர்க்காரர் ஒருவர் செய்து காட்டுவது நல்லது. பயிற்சி கொடுத்தேன் என்று கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல், “கரண்ட் போனால் இந்த மெஷினை என்ன செய்வாய், காட்டு” என்று கேளுங்கள். செய்து காட்டினால்தான் அவருக்குப் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தனக்கு உடனடி ஆபத்து என்று ஒரு தொழிலாளி சொன்னால் முதலாளி உடனே கவனிக்க வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் ஆய்வாளருக்கு அது போக வேண்டும். இது அவருடைய உரிமை. சொன்னவரைப் பழி வாங்கினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். நூலிழையில் தப்பிய சம்பவங்கள் உங்கள் காதுக்கு வருகின்றனவா என்பதே இதற்குச் சோதனை. மாதக்கணக்கில் ஒன்றுகூட வரவில்லை என்றால் பட்டறை அவ்வளவு பாதுகாப்பானது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் மெஷினை நிறுத்துங்கள், மெயினை அணையுங்கள். ஷாக் அடித்தவரை, கரண்ட்டை நிறுத்தாமல் தொடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். விரல் துண்டானால் அதைத் தேடி எடுத்து, சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக மூடி, அந்த உறையை ஐஸ் மேல் வைத்து ஆளோடு அனுப்புங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும், மறுபடி ஒட்ட வைப்பது கஷ்டம். துண்டான உறுப்பை இணைக்கும் வசதி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து, முதலுதவிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது தகவல். மரணம் என்றால் ஆய்வாளர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே. காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத நிலை என்றாலும் ஆய்வாளருக்கு முறையான அறிவிப்பு போக வேண்டும். யாருக்கும் அடிபடாவிட்டாலும் கலன் வெடித்தது, கிரேன் சரிந்தது போன்ற ஆபத்தான நிகழ்வுகளும் அறிவிக்க வேண்டியவையே. இஎஸ்ஐ போர்ட்டலில் விபத்து அறிக்கையையும் தாமதிக்காமல் போடுங்கள். இஎஸ்ஐ சம்பள வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள் அதில் வர மாட்டார்கள். அவர்களுக்காகத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டு பாலிசி ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். இதை விபத்துக்குப் பிறகு எடுக்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டறை வட்டாரத்தில் ஒரு கெட்ட யோசனை எப்போதும் காதில் விழும்: “வண்டியில் விழுந்துவிட்டான் என்று எழுதச் சொல்லுங்க, செலவை நாம பார்த்துக்கலாம்.” இதைச் செய்யாதீர்கள். காயத்தைப் பார்த்ததும் டாக்டருக்குத் தெரியும், கூட வேலை செய்தவர்களுக்கும் தெரியும். வேலையிடத்து விபத்து என்று பதிவானால்தான் அந்தத் தொழிலாளிக்கு இஎஸ்ஐயில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைக்கும். மறைத்தால் அவருக்கு வாழ்நாள் நஷ்டம், உங்களுக்கு அறிவிக்காத குற்றம் தனியாக.

விபத்து நடந்த மெஷினை ஆய்வாளர் பார்க்கும்வரை கழுவாதீர்கள், கார்டு மாட்டி ஜோடிக்காதீர்கள். ஆபத்தை நீக்குவதற்கு எதையாவது நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் போட்டோ எடுங்கள். காரணம் எழுதும்போது “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதி முடிக்காதீர்கள். கவனம் சிதறிய ஒரு நொடியில் கை உள்ளே போகும்படி மெஷின் ஏன் திறந்திருந்தது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பதிவேடும் ஆய்வாளரும்

இப்போது ஃபைலுக்கு வரலாம். உரிமம் அல்லது பதிவுச் சான்று, அங்கீகரித்த வரைபடம், ஆள் பதிவேடு, விபத்துப் பதிவேடு, தூக்கும் சாதனங்கள் மற்றும் அழுத்தக் கலன் சோதனை அறிக்கைகள், மருத்துவப் பரிசோதனை விவரம், பயிற்சிப் பதிவு, நீங்கள் எழுதிய அந்த நோட்டு. தேதிகளை மட்டும் ஒரு பெரிய நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்து ஆபீஸ் சுவரில் மாட்டுங்கள். லிஃப்ட் சோதனை, கம்ப்ரஸர் சோதனை, தீயணைப்பான், உரிமக் கட்டணம். எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் முன்பாக ஒரு குறி. தேசியப் பாதுகாப்பு தினமான மார்ச் 4-ஐயும் குறித்து, அந்த வாரத்தில் தீ ஒத்திகை வைத்துக்கொள்ளலாம். எப்படியும் வாடிக்கையாளர் கம்பெனிகள் போட்டோ கேட்கும்.

ஆய்வாளர் வந்தால் கூடவே நடங்கள். கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். குறை சுட்டிக்காட்டினால் அங்கேயே வாதாடாமல் எழுதிக்கொண்டு, சொன்ன கெடுவுக்குள் சரிசெய்து, முன்பும் பின்பும் எடுத்த படங்களோடு எழுத்துப்பூர்வமாகப் பதில் அனுப்புங்கள். அந்தப் பதிலின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையோ ஆன்லைன் ஒப்புகையோ இருக்கட்டும்.

புதிய பிரஸ் வாங்கினாலும், ஷெட்டைப் பின்பக்கம் நீட்டினாலும், ஆள் எண்ணிக்கையோ மின்சக்திக் குதிரைத்திறனோ உரிமத்தில் உள்ளதைத் தாண்டினாலும் உரிமத்தைத் திருத்த வேண்டும். மெஷினுக்கு ஆர்டர் கொடுத்த அன்றே அந்த விண்ணப்பத்தையும் தொடங்கிவிடுங்கள். மெஷின்காரரிடம் கார்டோடு சேர்த்து விலை கேளுங்கள். தனியாக அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டால், பூஜை போட்டு ஓடத் தொடங்கிய பிரஸ்ஸை கார்டுக்காக நிறுத்த யாருக்கும் மனசு வராது.